இரண்டு டைமன்

1

எங்கள் பிரிட்ஜ் சீட்டாட்டக் குறிப்பின் நான்காவது விதி இப்படிச் சொல்கிறது: "ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்று ஏலத்தைத் தொடங்கி, எதிரே இருக்கும் கூட்டாளி 'இரண்டு டைமன்' என்றால், தொடங்கியவர் 'இரண்டு ஆட்டின்' சொல்ல வேண்டும். கையில் என்ன இருந்தாலும் சொல்ல வேண்டும். இதற்கு விதிவிலக்கு இல்லை." கடைசி வாக்கியத்தை எழுதியவன் நான். வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவனுக்கு, விதிவிலக்கே இல்லாத விதி ஒன்றை எழுதிப் பார்க்கும் ஆசை இருக்காதா?

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, டொராண்டோவுக்கு வெளியே என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த விதியை மீறினேன். மடிக்கணினித் திரையில் நான் "ஒரு நோ டிரம்ப்" என்று தொடங்கினேன். பெரம்பலூரில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த என் கூட்டாளி கருணாகரன் "இரண்டு டைமன்" என்றார். நான் "இரண்டு ஆட்டின்" சொல்லியிருக்க வேண்டும். "பாஸ்" என்று அழுத்தினேன். அதன் பிறகு யாரும் ஏலத்தை உயர்த்தவில்லை. ஆட்டம் இரண்டு டைமனிலேயே நின்றது. நாங்கள் ஜெயித்தோம்.

சற்று நேரத்தில் எதிர்க்கட்சியில் ஆடிய ஜூடித் என்ற அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர், மத்தியஸ்தரைக் கூப்பிட்டுவிட்டார். அவருடைய கேள்வி சுருக்கமானது. உங்கள் கார்டில் இரண்டு டைமன் என்றால் ஆட்டின் என்று போட்டிருக்கிறது. அதை நம்பி, அடுத்த சுற்றில் ஏலம் கேட்கலாம் என்று நான் பேசாமல் இருந்தேன். இந்த முறை அது நிஜமாகவே டைமன்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவழித்தேன்.

2

நம் பக்கத்தில் சீட்டு என்றால் ரம்மி, இல்லாவிட்டால் மூணு சீட்டு. இரண்டுமே போலீஸ் வருவதற்குள் எழுந்து ஓட வேண்டிய ஆட்டங்கள். பிரிட்ஜ் அப்படியல்ல என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

நாலு பேர், இரண்டு கட்சி. எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்டுத்தான் ஆட்டம் தொடங்கும்; துருப்பே வேண்டாம் என்றால் அது நோ டிரம்ப். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி. ஆனால் வாய் திறந்து கேட்கக் கூடாது, கண் காட்டக் கூடாது, இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். ஏலத்தில் அனுமதிக்கப்பட்ட சொற்ப வார்த்தைகள்தான் ஒரே வழி. அதனால் ஒவ்வொரு ஜோடியும் அந்த வார்த்தைகளுக்குத் தங்களுக்குள் ஒரு பொருள் வைத்துக்கொள்கிறது. இங்கேதான் இந்த ஆட்டத்தின் விசேஷம். அந்தப் பொருள் ரகசியமாக இருக்கக் கூடாது. நம் சங்கேதம் என்ன என்பதை எதிராளிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாளுக்குத்தான் கார்டு என்று பெயர். கூட்டாளியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரிக்கும் தெரிய வேண்டும். பேசி வைத்துக்கொண்டது மட்டுமல்ல, பழகிப் பழகித் தெரிந்துகொண்டதும் இதில் அடக்கம்.

இந்தக் கடைசிப் பகுதியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற விதிகள் தேவையில்லை.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். மகள் சுதாவும் மருமகனும் எட்டு மணிக்குள் போய்விடுவார்கள். பேரன் போவதற்கு முன் என்னிடம் ஒரு வாக்கியம் தமிழில் பேசுவான். வங்கியில் தெரியாத அதிகாரியிடம் பேசப்போகிறவன்போல அதை முன்பே தயார் செய்துகொண்டு வருவது முகத்தில் தெரியும். நான் தமிழில் பதில் சொன்னால் அவனிடம் இரண்டாவது வாக்கியம் இருக்காது. எனவே நான் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறகு நான், ஜன்னல், வாசலில் பனி. குப்பை வண்டிக்கு எந்த நிறத் தொட்டியை எந்த வாரம் வெளியே வைப்பது என்ற அட்டவணை மட்டும்தான் இந்த வீட்டில் என் நிர்வாகத்தில் இருக்கிறது.

பக்கத்துச் சமூகக் கூடத்தில் ஒரு பிரிட்ஜ் கிளப் இருப்பதை இங்கே வந்த வருடமே கண்டுபிடித்தேன். முதல் நாள் "மூன்று கிளாவர்" என்று சொல்லிவிட்டேன். அரியலூரில் அப்படித்தான் சொல்லுவோம். மேஜையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, மாட்டுத் தீவனப் பயிரைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று யோசித்தார்கள். அப்புறம் "கிளப்ஸ்" பழகிக்கொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு கிளப் தன் வியாழக்கிழமை ஆட்டத்தை இணையத்துக்கு மாற்றியது; எந்த நாட்டிலிருந்தும் ஆடலாம் என்றது. அன்றே பெரம்பலூருக்கு போன் செய்தேன். இங்கே காலை, அங்கே சாயந்திரம் தாண்டிய நேரம். கருணாகரன் கேட்டது ஒன்றே ஒன்று.

"கார்டு குடுக்கணுமா, வேணாமா?"

"குடுக்கணும்."

"அப்ப யோக்கியமான எடந்தான்" என்றார்.

3

கருணாகரனை நான் சந்தித்தது எண்பதுகளின் கடைசியில். அப்போது அரியலூரில் துணைத் தாசில்தாராக இருந்தேன். அவர் அங்கே ஒரு சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பொறியாளர். சுரங்கத்தின் எல்லையில் இருந்த புறம்போக்கை அளக்கப் போனவனை, அளந்து முடித்ததும், "சார், சீட்டாடத் தெரியுமா, ஒரு கை கொறையுது" என்று ஆலைக் குடியிருப்பின் அதிகாரிகள் கிளப்புக்கு அழைத்துப் போனார். முதல் நாளிலிருந்தே என்னைத் தாசில்தாரே என்றுதான் கூப்பிட்டார். அரசு எனக்குப் பதவி உயர்வு கொடுப்பதற்குப் பல வருடம் முன்பே அவர் கொடுத்துவிட்டார். பின்னால் நான் துணை ஆட்சியராக ஓய்வு பெற்றபோதும் அதைக் குறைத்துத் தாசில்தாராகவே வைத்துக்கொண்டார்.

அவர் மீன்சுருட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். குடும்பத்தில் முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் அவர்தான். கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாததுபோல இருப்பது அங்கே நாகரிகம். நாங்கள் இருவரும் ஜோடியாகத் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததும் அந்த நாகரிகம் ஒருநாள் கழன்றது. தோற்றுக்கொண்டிருந்த வங்கி மேலாளர் ஒருவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, கருணாகரனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்த ஆட்டமெல்லாம் எப்படிங்க வரும்? ஏதோ ஜாடை இருக்கு."

நானும் அதே மேஜையில்தான் இருந்தேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜாடை காட்ட இரண்டு பேர் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கருணாகரன் அன்று அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தார். மறுவாரம் கிளப்பின் அறிவிப்புப் பலகையில், கேன்டீன் டெண்டர் அறிவிப்புக்குப் பக்கத்தில், தட்டச்சு செய்த தாள்கள் குத்தியிருந்தன. எங்கள் ஏலத்தில் எந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பது முழுவதும், தலைப்புப் போட்டு, வரிசை எண் போட்டு. அந்த ஊரில் அதை யாரும் எங்களிடம் கேட்டிருக்கவில்லை. வங்கி மேலாளர் வந்ததும் அவரைப் பலகைக்கு அழைத்துப் போனார்.

"படிச்சுட்டு ஆடுங்க சார். தெரிஞ்சுகிட்டுத் தோத்தா அவ்வளவா வலிக்காது."

அன்றிலிருந்து எங்கள் ஏற்பாட்டில் எந்த மாற்றம் வந்தாலும் பலகையில் முதலில் ஏறும், பிறகுதான் மேஜைக்கு வரும்.

அப்போது எங்கள் கணக்கில் இரண்டு டைமன் என்றால் டைமன்தான்: கை பலமில்லை, டைமன் நிறைய இருக்கிறது, இதோடு நிறுத்து. சில வருடம் கழித்து கருணாகரன்தான் திருச்சியிலிருந்து வாங்கி வந்த ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அதை மாற்றினார். இனி ஆட்டின் இருந்தால் டைமன் சொல்லுவது, கூட்டாளி அதை ஆட்டினாக மாற்றுவது. பலமான கை எதிரிக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் என்றார். எனக்கு அந்தச் சுற்றுவழி பிடிபடவில்லை. அவர் சொன்ன விளக்கம் இது:

"மீன்சுருட்டிக்காரன் விருத்தாசலம் போவணும்னா ஜெயங்கொண்டம் பஸ்ல ஏறுவான். கண்டக்டர் கேட்டா ஜெயங்கொண்டம்னுதான் சொல்லுவான். அதுக்காக அங்கயே தங்கிடுவானா தாசில்தாரே? எறங்கி மாறிப்பான். அந்த மாத்திவிடுற வேல ஒங்களுது."

அப்படி வந்ததுதான் நான்காவது விதி. முப்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட அந்த வேலையை நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

4

போன வருடத்துத் தொடக்கத்தில் ஒரு நாள் கருணாகரன் இரண்டு டைமன் சொன்னார். நான் விதிப்படி ஆட்டினுக்கு மாற்றினேன். சீட்டு திறந்தபோது அவர் கையில் ஆட்டின் ஒன்றுகூட இல்லை. கேவலமாகத் தோற்றோம். கவனப்பிசகு என்று நினைத்தேன். சில வாரம் கழித்து மறுபடியும். அதன் பிறகு அடிக்கடி. சீட்டை ஆடுவதில் தடுமாற்றம் இல்லை. பழைய விதிகளெல்லாம் கல்லில் செதுக்கியதுபோல இருந்தன. பின்னால் வந்த விதிகள் மட்டும், வந்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஒன்றொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியாகச் சேர்த்தது முதலில் போயிற்று.

நான் அதைப் பற்றி அவரிடம் பேசுவதற்குள் அவர் மனைவி மங்கை போன் செய்தார். என்னிடம் எப்போதும் ஊர்க்கதை பேசுகிறவர், அன்று அடுப்படியிலிருந்து மெல்லப் பேசினார். பேங்குக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்து திரும்பியிருக்கிறார். திருச்சி டாக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"மூளைய நம்பித்தான் அண்ணே அவரு இவ்வளவு தூரம் வந்தது" என்றார். "அதுல கோளாறுன்னு அவருகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"வெசாழக்கெழமன்னா தானா சவரம் பண்ணிக்கிறாரு. தேச்ச சட்டை எடுத்துப் போட்டுக்கிறாரு. அந்த ஒரு நாளைக்கு மட்டும் நான் ஒன்னுஞ் சொல்ல வேண்டியதில்ல. அத மட்டும் நிறுத்திப்புடாதீங்க."

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். அவர் இரண்டு டைமன் சொன்னால் என் கையைப் பார்ப்பேன். எனக்கு ஆட்டின் நிறைய இருந்தால், அவர் கையில் அது இருக்க வாய்ப்பில்லை. அப்படியானால் அவர் பழைய பொருளில் சொல்லுகிறார். அந்த நேரங்களில் ஏதாவது சாக்கில் விதியிலிருந்து விலகிவிடுவேன். அவர் கண்ணுக்குத் தெரியாமல், எதிரியின் கண்ணுக்கும் தெரியாமல். அவர் மறப்பார் என்று எனக்குத் தெரியும்; எதிரிக்குத் தெரியாது. பிரிட்ஜ் சட்டத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. மறைக்கப்பட்ட ஏற்பாடு. சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

5

மத்தியஸ்தர் அந்த ஆட்டத்தின் புள்ளிகளை ரத்து செய்தார். அதோடு போயிருக்கும். ஆனால் ஜூடித் அம்மாள் பழைய ஆட்டங்களின் பதிவைப் பின்னோக்கிப் பார்த்திருக்கிறார். இணையத்தில் எல்லாம் பதிவாகிறது. அந்த வருடத்தில் நான் விதியை விட்டு விலகிய ஒவ்வொரு தடவையும் கருணாகரன் கையில் டைமன் இருந்தது. ஒருமுறைகூட நான் தவறாக ஊகிக்கவில்லை. அந்தப் பட்டியலை நானே ஒரு விசாரணை அதிகாரியாகப் பார்த்திருந்தால், வெளியே ஒரு போன் இருக்கிறது, பேசி வைத்து ஆடுகிறார்கள் என்றுதான் குறிப்பு எழுதியிருப்பேன்.

கிளப்பின் ஒழுங்குக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அரசுப் பணியில் இருந்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: பதினேழு பி என்ற ஒழுங்கு நடவடிக்கை மெமோ. குற்றச்சாட்டு, ஆதாரம், விளக்கம் தரக் கெடு. நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்கியது இதுவே முதல் தடவை. வாசகம் நன்றாகவே இருந்தது. இருவரும் தனித்தனியே எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். ஒருவர் தரும் விளக்கத்தின் நகல் மற்றவருக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்பப்படும். முடிவு வரும்வரை ஜோடி கிளப்பில் ஆடக்கூடாது.

மகள் சுதா அதைப் படித்துவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றாள்.

"டிமென்ஷியான்னு ஒரு வரி எழுதுங்கப்பா. ஒரே வாரத்துல முடிஞ்சிடும். ஸாரி சொல்லி, அவருக்கு என்ன வசதி வேணும்னுகூடக் கேப்பாங்க. இங்க யாரும் அதைக் கேவலமா நினைக்க மாட்டாங்க."

"நகல் அவருக்கும் போகும்."

"போகாம அனுப்பச் சொல்லிக் கேளுங்க. மத்தியஸ்தருக்கு ஒரு போன் போட்டுத் தனியா சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஒரு ஃபைல் வேணுமா உங்களுக்கு?"

கேட்டிருக்கலாம். ஆனால் கோப்பில் இல்லாததைக் காதில் சொல்ல வந்தவர்களை நான் பணிக்காலம் முழுவதும் அறைக்கு வெளியே அனுப்பியவன். அந்தப் பக்கம் போய் நிற்க எனக்குத் தெரியவில்லை. சுதா "உங்க இஷ்டம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வருத்தம் வந்தால் அவள் மொழி மாறிவிடும்.

6

கருணாகரனுடைய விளக்கமும் வேண்டும். வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். வியாழக்கிழமை இல்லாததால் தாடி வளர்ந்திருந்தது. சுற்றி வளைக்காமல், அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது என்றேன். இரண்டு டைமன் என்றீர்களே, அதற்கு நம் ஏற்பாட்டில் என்ன பொருள்?

"ரெண்டு டைமன்னா டைமன். வேற என்ன?"

"ஆட்டின் இல்லையா?"

"ஆட்டின் இருந்தா ஆட்டின்னு சொல்ல மாட்டனா? எதுக்குச் சுத்தி வளைக்கணும்?" என்னை உற்றுப் பார்த்தார். "என்ன தாசில்தாரே, ஒங்களுக்கு மறதி வந்துட்டா?"

பின்னால் நின்றுகொண்டிருந்த மங்கை சட்டென்று உள்ளே போய்விட்டார். நான் சிரித்து வைத்தேன். வயசாகுது, என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் மெல்ல மாறியது. ஒரு விஷயத்தை மறப்பவர்களுக்கு அதன் வாசனை மட்டும் தெரிந்துவிடும்போலிருக்கிறது.

"நாம ஏமாத்துறம்னு சொல்றாங்களா?"

"விளக்கம் கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்."

"அப்படின்னா எழுதிப் போர்டுல குத்திடுங்க. எல்லாத்தையும் எழுதிக் குத்துங்க. படிச்சுட்டுப் பேசட்டும்."

ஆலைக் கிளப்பின் பலகை அவர் கண் முன்னால் இருந்தது. அதில் எழுதிக் குத்தியதை எதிராளிகள் எழுந்து போய்ப் படித்த காலத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் சொல்வது முழுக்கச் சரி. இரண்டு டைமன் என்றால் டைமன்தான்.

அப்போதுதான் எனக்கு வழி தோன்றியது. அவர் ஏற்பாட்டை மறக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் ஆடுகிறார். அப்படியானால் பழைய ஏற்பாட்டையே எங்கள் கார்டாகப் பதிவு செய்துவிட்டால், மறைக்க ஒன்றும் இல்லை. விதிக்கு அவரைக் கொண்டுவர முடியாது. விதியை அவரிடம் கொண்டுபோகலாம். நான்காவது விதியை ரத்து செய்தேன். அதற்குப் பின் சேர்த்த எல்லாவற்றையும் ரத்து செய்தேன். அரியலூர்ப் பலகையில் குத்திய முதல் பிரதியில் இருந்ததை, ஞாபகத்திலிருந்து வரிசை எண் மாறாமல் எழுதினேன். இனி அவர் எதை மறந்தாலும் அதையும் நீக்கிப் புதுக் கார்டு கொடுப்பேன். கடைசி விதி இருக்கும்வரை ஆடலாம் என்று கணக்குப் போட்டேன்.

என் விளக்கத்தில் உண்மையை மட்டும் எழுதினேன். ஆம், எனக்குத் தெரிந்திருந்தது. என் கூட்டாளி சில சமயம் எங்கள் முந்தைய ஏற்பாட்டின்படி ஏலம் சொல்கிறார். அதை எதிராளிகளிடம் சொல்லாதது என் குற்றம் மட்டுமே. ரத்தான புள்ளிகளை ஏற்கிறோம். முந்தைய ஏற்பாட்டையே இனி பின்பற்றுகிறோம். புதிய கார்டு இணைப்பில். ஏன் முந்தைய ஏற்பாடு என்பதற்கு ஒரு வரியும் எழுதவில்லை. கருணாகரனின் விளக்கத்தை அவர் சொல்லச் சொல்ல மங்கை எழுதி அனுப்பினார். அது ஒரே வாக்கியம்: இரண்டு டைமன் என்றால் டைமன்.

7

பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கிப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. டிசம்பரில் குழுத் தலைவர் வெயில் தேடித் தெற்கே போய்விட்டார். இந்த ஊரில் வசதியுள்ள கிழவர்கள் பறவைகளைப் போல. அவர் இல்லாமல் குழு கூடாது. நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன். மரியாதை குறையாமல், முந்தைய கடிதத்தைச் சுட்டி, எனக்குக் கைவந்த நடையில்.

அதுவரை வேறு தளத்தில் ஆடலாமே என்று கருணாகரனிடம் சொன்னேன். இணையத்தில் யாரும் எதையும் கேட்காமல் ஆடும் மேஜைகள் ஆயிரம் உண்டு.

"மெமோ நிலுவையில இருக்கறப்ப டூட்டி பாக்கலாமா?" என்றார். "நீங்கதான ரூல் பேசுவீங்க. கேசு முடியட்டும்."

எதையெதையோ இழந்துகொண்டிருந்தவருக்கு இது மட்டும் நின்றது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமைகளில் அவர் சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டையில், அணைத்து வைத்த திரையின் முன் உட்காருவார் என்று மங்கை சொன்னார். கனடாவில் லீவு என்று சொல்லிப் பார்த்தாராம். "எத்தன வாரத்துக்குத்தான் லீவு வுடுவானுங்க" என்று கேட்டிருக்கிறார். பொங்கல் கழிந்த ஒரு வியாழக்கிழமை என்னிடம் நேரடியாகவே கேட்டார்.

"நம்மள வெளிய அனுப்பிட்டானுங்க, இல்ல?"

இல்லை, பரிசீலனையில் இருக்கிறது என்றேன். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேரிடம் கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்ன அதே வாக்கியம். அவர்கள் அதைக் கேட்டு எப்படி நிற்பார்கள் என்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமையும் அவருக்கு மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. சவரத்துக்கும் மங்கை சொல்ல வேண்டியிருந்தது.

8

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் மங்கை ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் வீடு திறந்து கிடந்தது; கருணாகரனைக் காணோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை தேடினார்கள். இருட்டும் நேரத்தில் அரியலூரிலிருந்து போன் வந்தது. ஆலைக் குடியிருப்பின் வாசல் காவலர், கருணாகரனின் சட்டைப் பையில் மங்கை போன் எண் எழுதி வைத்திருந்த துண்டுத் தாளைப் பார்த்து அழைத்திருக்கிறார். பஸ் ஏறி, சரியான இடத்தில் இறங்கி, குடியிருப்பு வரைக்கும் தானே நடந்திருக்கிறார். கிளப் மூடிப் பல வருடமாகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். காவலர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லையாம். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

மங்கை கார் எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டபோது கருணாகரன் அவரைக் கோபித்துக்கொண்டார்.

"மூணு பேரு உக்காந்திருக்காங்க மங்கை. நான் போவலன்னா ஆட்டம் நின்னுடும்."

அதற்குப் பிறகு வாசலுக்குப் பூட்டு. மகன் பெங்களூரிலிருந்து வந்து, வீட்டோடு இருக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். மார்ச் தொடக்கத்தில் நான் அழைத்தபோது கருணாகரன் திரையில் என்னைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். "வாங்க, ஒக்காருங்க" என்றார். தாசில்தாரே என்று சொல்லவில்லை. மங்கை ஒரு சீட்டுக் கட்டை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பின்னால் மங்கையிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணே. இனிமே அவரு படிக்கப் போறதில்ல" என்றார்.

9

குழுவின் பதில் ஒரு பக்கம். நல்ல பதில், குறை சொல்ல இடமில்லை. ஏமாற்றும் நோக்கம் எதுவும் காணப்படவில்லை. வெளிப்படுத்தத் தவறியது முதல் கூட்டாளியின் பிழை, எச்சரிக்கையோடு முடிக்கப்படுகிறது. இரண்டாவது கூட்டாளியின் மீது எந்தக் குறையும் இல்லை. புதிய கார்டு ஏற்கப்படுகிறது; அடுத்த வாரத்திலிருந்து ஜோடி ஆடலாம். தாமதத்துக்கு வருந்துகிறோம். ஜூடித் அம்மாள் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார்: மருத்துவக் காரணம் ஏதாவது இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே, தன் கணவருக்கும் அப்படித்தான் இருந்தது, தான் புகாரே கொடுத்திருக்க மாட்டேன்.

சுதா வேலையிலிருந்து வரும்வரை நான் காத்திருக்கவில்லை. பெரம்பலூருக்கு அழைத்தேன். மங்கை எடுத்தார். படித்துச் சொன்னேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்குப் போனது கேட்டது.

"இங்க பாருங்க. அண்ணன் பேசுறாரு. ஒங்க மேல தப்பு ஒன்னுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

கருணாகரனின் குரல் தெளிவாகவே கேட்டது.

"என்ன தப்பு?" என்றார்.

பதில் வந்த தேதி மார்ச் பத்தொன்பது. வியாழக்கிழமை.